லொவீனா பிராட் எழுதிய பதினோரு பக்கங்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஒஹையோவில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில், முன்னாள் தலைவர் அல்ஃபியஸ் டிரஸ்கலின் படத்துக்குக் கீழே 'பெண்கல்வியின் தந்தை' என்று எழுதியிருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் என் மேஜைக்குப் போகவேண்டும்.

2

"1858 ஜூன் மாதம், மேப்பிள் மரங்களின் நிழலில்..."

வேண்டாம். மரத்தைக் காட்டி யாரை ஏமாற்ற?

நிர்வாகக் குழுவோடு பத்தொன்பது வருடம் மல்லுக்கட்டித்தான் டிரஸ்கல் பெண்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தார். முதல் அணியில் நான்கு பேர். முதலிடம் லொவீனா பிராட், பண்ணைக்காரர் மகள். பட்டமளிப்பன்று மாணவர்கள் தங்கள் கட்டுரையை மேடையில் வாசிப்பார்கள். ஆண்கள் கூடிய சபையில் பெண் பேசக்கூடாது. அவள் எழுதியதை ஒரு பேராசிரியர் வாசிப்பார். குழு போட்ட நிபந்தனை அது. டிரஸ்கல் கையெழுத்திட்டிருந்தார்.

3

விழாவுக்கு முந்தின நாள் காலை லொவீனா அவர் அறைக்கு வந்தாள்.

"நானே வாசிக்கிறேன், ஐயா."

"நீ வாசிச்சா என்னைவிட யாரும்மா சந்தோஷப்படுவாங்க? ஆனா அடுத்த வருஷமே பொண்ணுங்களுக்குக் கதவை இழுத்துச் சாத்திடுவாங்க. உனக்குப் பின்னால வர்றவங்கள நினைச்சுப் பாரு."

"அவங்களும் வந்து வாயை மூடிக்கிட்டு உக்காரவா?"

(இங்கே 'அவர் தலைகுனிந்தார்' என்று எழுதி அடித்துவிட்டேன். கடிகாரத்தைத்தான் பார்த்திருப்பார்.)

"உன் கட்டுரையை வேற யார்கிட்டயும் கொடுக்கல. நானே வாசிக்கிறேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

"நீங்க நல்லா வாசிப்பீங்க, ஐயா. அதான் பயமா இருக்கு."

4

நன்றாகத்தான் வாசித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. குழுவின் மூத்தவர் வந்து தோளைத் தட்டினார்.

"பேரு மட்டும் அந்தப் பொண்ணோடது. எழுத்து யாரோடதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

லொவீனா நாலடி தள்ளி நின்றாள். இல்லை என்று சொல்ல டிரஸ்கல் வாயைத்...

சிரித்தார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை வாழ்நாள் முழுக்க அவரால் விழுங்க முடியவில்லை.

5

லொவீனா தாள்களைப் பிடுங்கிக்கொண்டு மேடையேறினாள் என்று முடித்துப் பார்த்தேன். பொய். டிரஸ்கல் பதவி விலகினார் என்று முடித்தேன். அதுவும் பொய். இன்னும் இருபத்தோரு வருடம் தலைவராக இருந்தார். ஒவ்வொரு ஜூனிலும் பெண்கள் எழுதியதை அவரே வாசித்தார். ஒவ்வொரு ஜூனிலும் கைதட்டல் வாங்கினார்.

லொவீனா எழுதிய அந்தப் பதினோரு பக்கமும் இப்போது என் மேஜையில் இருக்கிறது. நாலு வரி இங்கே கொடுக்கலாம்தான். என் தமிழில், என் பெயருக்குக் கீழே. படித்துவிட்டு, அடடா, என்ன எழுத்து என்று என்னிடம்தான் சொல்வீர்கள். நானும் சிரிப்பேன்.

கொடுக்கவில்லை. அதனால் இன்றைக்கும் அவள் குரல் யார் காதிலும் விழவில்லை. வாசித்தாலும் துரோகம், மூடிவைத்தாலும் துரோகம். எனக்கு வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.