சம்பந்தி சாப்பிடும் சத்தம்

கோவிந்தராசு வாயைத் திறந்துகொண்டு மென்றார். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், திரிபுரசுந்தரிக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

குரும்பகரத்தில் வயலே கதியாகக் கிடந்த மனிதர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, மகன் எழிலன் அவரைக் கோவில்பத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். எழிலனின் மாமியார் திரிபுரசுந்தரி ஆறு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்காதவள். இப்போது வாஷ்பேசின் ஓரத்தில் சம்பந்தியின் பல்செட் ஒரு டம்ளரில் கிடந்தது. அவர் மீன் முள்ளை உறிஞ்சி உறிஞ்சித் தட்டோரம் குவித்தார். கடைசியில் வாய் கொப்பளித்த தண்ணீரை அப்படியே விழுங்கினார்.

மகள் கவியாவிடம் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவள் புருஷனோடு பைக்கில் ஆபீஸுக்குக் கிளம்பினாள். அன்றிலிருந்து திரிபுரசுந்தரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். அருவருப்பு என்றாள். அது பாதி உண்மை. நாலு மாதமாக அவளுடைய வலது கை நடுங்கியது. வாய்க்குப் போகும் முன்பே சோறு மடியில் கொட்டியது, குழம்பு முழங்கைவரை வழிந்தது. தன் புடவையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

ஒரு மதியம் தட்டு நழுவி விழுந்தது. சத்தம் கேட்டுக் கோவிந்தராசு வாக்கரை ஊன்றியபடி வந்து கதவைத் திறந்தார். தரையெல்லாம் ரசஞ்சோறு. அவள் தாடையிலும் கழுத்திலும் பருக்கைகள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாக்காதீங்க சம்பந்தி. போங்க."

போனவர் ஒரு பழந்துணியைக் காலால் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். குனிய முடியாததால் காலாலேயே துடைத்தார். சோறு நசுங்கி இன்னும் பரவியது.

"கவியாட்ட சொல்லலையா?"

"சொன்னா ஊட்டிவிட வந்துருவா."

அவர் துணியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"பல்செட்டு ஈறுல குத்துது. கழட்டி வச்சாத்தான் திங்க முடியுது. பாக்க நல்லாருக்காதுன்னு எனக்கும் தெரியும். நீங்க என்னப் பாக்க வேணாம், நா உங்களப் பாக்கல. ரெண்டு பேரும் டிவியப் பாத்துக்கிட்டு சாப்புடுவோம், சம்பந்தியம்மா."

மறுநாள் டிவிக்கு எதிரே இரண்டு நாற்காலிகளை அருகருகே போட்டுக்கொண்டார்கள். அவர் உறிஞ்சியபோதெல்லாம் அவள் செய்திச் சத்தத்தைக் கூட்டினாள். அவள் மடி நனைந்தது. அவர் திரும்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கவியா மேசையில் எல்லோருக்கும் தட்டு வைத்தாள். திரிபுரசுந்தரி தன் தட்டை டிவி முன்னால், சம்பந்திக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள்.

"அவரு சாப்புடுறது உனக்குப் புடிக்காதேம்மா?"

"இப்பவும் புடிக்கல" என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.