ஐந்து மில்லிமீட்டர்

"அம்மா, இது அப்பா இல்ல."

சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி கிர்ஸ்டன் சொன்னாள். மார்லிஸ் அப்போதுதான் பூட்ஸில் ஒட்டிய பனியை சவ அடக்கக் கூடத்தின் வாசல் மிதியடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கால் பாதியில் நின்றது.

ஊர்க்காரர்கள் மூன்று மணிக்கு வருவார்கள். அதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் மட்டும் பார்க்க ஒரு மணி நேரம்.

"என்னடி உளர்ற?"

"வந்து வாயைப் பாரு."

இறந்துபோன ஆர்லனின் தம்பி வெர்னன்தான் முதலில் எட்டிப் பார்த்தான். "ஆமா அண்ணி. அண்ணன் யார்கிட்டயோ சண்டைக்குப் போற மாதிரில்ல இருக்கான்! மீன்பிடி லைசென்ஸ் கேக்குற அதிகாரி இப்ப வந்தா திரும்பிப் பாக்காம ஓடிருவான்." சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து இருமலானது.

"சும்மா இருங்க சித்தப்பா. அப்பாவுக்கு உள்ள போன தாடை. இப்படியா நீட்டிக்கிட்டு இருக்கும்?"

தாடை!

மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் நடந்தாள்.

பதினோரு வருடம் அவள் மகளின் பழைய அறையில்தான் படுத்தாள். ஆர்லனின் குறட்டை அப்படி. பரிசோதனை செய்த டாக்டர், தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறது என்றார். தூக்கத்தில் காற்றை உள்ளே தள்ளும் குழாய் வைத்த முகமூடி ஒன்று வந்தது. மூன்றே வாரத்தில் ஆர்லன் அதைக் கராஜில் தூக்கிப் போட்டான். பிறகு பக்கத்து ஊர்ப் பல் டாக்டர் அச்செடுத்து, மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என்று பிளாஸ்டிக் கிளிப் செய்து கொடுத்தார். பக்கவாட்டில் குட்டித் திருகாணி. ராத்திரி போட்டுக்கொண்டால் கீழ்த்தாடையை ஐந்து மில்லிமீட்டர் முன்னால் இழுத்துப் பிடிக்கும், தொண்டை அடைக்காது.

குறட்டை போயிற்று. போன வசந்தத்தில் மார்லிஸ் தலையணையைத் தூக்கிக்கொண்டு அவன் அறைக்கே திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி அவன் சொன்னான். "தாடை வலிக்குது மார்லிஸ். இன்னிக்கு ஒரு நாள் விட்டுடறேனே."

அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அவன் எழுந்து பாத்ரூமுக்குப் போனான். திரும்பி வந்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

அன்று ராத்திரி ஒரு சத்தமும் இல்லை. கிளிப் வேலை செய்த அமைதியா, மூச்சு நின்ற அமைதியா?

காலையில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான். தோள் சில்லென்றிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைச் சமையலறையில் உட்கார வைத்துவிட்டார்கள். முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கிளிப் வைக்கும் நீலப் பெட்டி பாத்ரூம் அலமாரியில் இருந்தது. ஆட்டிப் பார்த்தாலே கிளிப் உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மூன்று நாளாக அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே பல் தேய்த்தாள்.

இப்போது குனிந்தாள்.

இந்த முகத்தை அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கிர்ஸ்டன் கூப்பிட்டு கோர்டன் வந்தான். சவ அடக்கக் கூடத்தை விலைக்கு வாங்கி இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆர்லனை உயிரோடு பார்த்ததில்லை.

"வாய்க்குள்ள ஏதாவது இருக்கா?" மார்லிஸ் கேட்டாள்.

"இருக்குங்க. கட்டுப்பல்லுதானே? எடுத்துட்டா கன்னம் ஒட்டிப் போயிடும்னு அப்படியே விட்டுட்டேன்."

"யார் கொண்டுவந்து கொடுத்தா?"

"யாரும் கொடுக்கலைங்க. நான் உங்க வீட்டுக்கு வந்து தூக்கினப்பவே வாயில இருந்துச்சு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. கெட்டியா கடிச்சிட்டிருந்தாரு."

மார்லிஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா! தண்ணி கொண்டு வரவா?"

"வேணாம். போட்டிருக்கான்டி."

"எதை?"

இதயம்தான், தூக்கத்திலேயே நின்றுவிட்டது என்று டாக்டர் புதன்கிழமையே சொல்லியிருந்தார். மார்லிஸுக்கு அது இப்போதுதான் காதில் விழுந்தது.

கோர்டன் கையைப் பிசைந்தான். "தப்பு என்னோடதுதான். வேணாம்னா அரை மணி நேரத்துல எடுத்துடுறேன்."

"எதுக்கு? இருக்கட்டும்" என்றான் வெர்னன். "வாழ்க்கையில ஒரு தடவையாவது விறைப்பா இருக்கானே!"

"அய்யோ சித்தப்பா!" கிர்ஸ்டன் அழுகையும் சிரிப்புமாக அவன் தோளில் அடித்தாள். பிறகு இருவரும் மார்லிஸைப் பார்த்தார்கள்.

அவள் ஆர்லனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம்.

"எடுத்துடுங்க" என்றாள். "அவனுக்கு வலிக்கும்."

இரண்டே முக்காலுக்கு கோர்டன் அதை வெள்ளைக் காகிதத் துண்டில் வைத்துக் கொடுத்தான். மார்லிஸ் கூடத்தின் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்து, விரலை நீட்டி, தண்ணீர் வெதுவெதுப்பாகும்வரை காத்திருந்தாள்.

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். பூட்ஸ்கள் பனி உதறும் சத்தம். யாரோ ஹாம் சாண்ட்விச் தட்டை எங்கே வைப்பது என்று கேட்டார்கள்.

"அம்மா, எல்லாரும் வந்துட்டாங்க."

"வரேன்."

கிளிப்பில் ஒவ்வொரு பல்லும் பதிந்த குழியிலும் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். மேல்வரிசை முடிந்தது. கீழ்வரிசையை எடுத்தாள்.