குசாலப்பா கேட்க வந்த சம்மதம்

"அண்ணி, பன்றிக்கறியை வச்சு என் வாயை அடைச்சிடலாம்னு பாக்காதீங்க. தின்னுக்கிட்டே பேசுவேன்" என்றபடி குசாலப்பா இன்னொரு கடம்புட்டு அரிசி உருண்டையைப் பிட்டுக் குழம்பில் அமுக்கினார்.

பொள்ளம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். இந்த மழையில் கொழுந்தனாரை வரவழைத்தது மகள் தேச்சம்மாதான் என்று அவளுக்குத் தெரியும். பதினேழரை வயது. ராணுவத்தில் இப்போது பெண்களையும் எடுக்கிறார்களாம். பதினெட்டு ஆகாததால் பெற்றவர்கள் சம்மதிக்க வேண்டுமாம். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு, இல்லாவிட்டால் பேச்சே இல்லை. தட்டெடுக்க வந்தவள்போல் தேச்சம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள்.

"அண்ணன் மண்ணு மாதிரி உக்காந்திருக்கார். நீங்க தலையாட்டினா அவரும் ஆட்டுவார்" என்றார் குசாலப்பா. "நான் பட்டாளத்துக்குப் போகலையா? முழு ஆளா திரும்பி வந்து உங்க கையால சாப்பிடலையா?"

"வந்தீங்க" என்றாள் பொள்ளம்மா. "கைல்போத் திருவிழாவுக்கு ஊரே கூடித் துப்பாக்கியால தேங்காயைக் குறி வச்சுச் சுடுது. நீங்க மட்டும் தலைவலின்னு போர்த்திக்கிட்டுப் படுத்துக்கறீங்க. முழு ஆளாவா வந்தீங்க?"

"பொள்ளம்மா!" என்று அதட்டினார் அவள் கணவர் உத்தையா.

குசாலப்பா சிரித்தார். "விடுண்ணா. அண்ணி கண்ணுல எதுவும் தப்பாது." பிறகு சாப்பிட்ட கையாலேயே நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் குழம்புக் கறை படிந்தது. "காந்தாரி மிளகாய் கொஞ்சம் ஜாஸ்தி அண்ணி" என்றவர், நாற்காலியோடு பக்கவாட்டில் சரிந்தார்.

விராஜ்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், இரண்டாவது வளைவில் ஒரு சில்வர் ஓக் மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. உத்தையா கோடரியோடும் தேச்சம்மா வெட்டுக்கத்தியோடும் மழையில் இறங்கி ஓடினார்கள். ஜீப்பின் பின் இருக்கையில் பொள்ளம்மாவின் மடியில் தலை வைத்து குசாலப்பா கிடந்தார். நெற்றி தவளைத் தோல் மாதிரிச் சில்லிட்டிருந்தது. வெளியே கோடரி மரத்தில் விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் உடம்பு தூக்கிப்போட்டது.

"ஒண்ணுமில்ல. மரம் வெட்டுறாங்க" என்றாள். தான் சொன்ன சொல்தான் அவர் நெஞ்சில் போய் நின்றுவிட்டதோ என்று நினைத்தபடி அவர் நெஞ்சைத் தடவிவிட்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். அவளைத்தான் பார்த்தார், ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"அவ்வா" என்றார், பெற்ற தாயைக் கூப்பிடுவதுபோல்.

"நான் அண்ணி. பொள்ளம்மா."

"என்னை அனுப்பாதே அவ்வா." சின்னப் பையன் குரல். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. "அப்பாகிட்ட சொல்லு. எனக்குப் பயமா இருக்கு. நான் போகல. நான் போகல அவ்வா."

அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் சதைக்குள் அழுந்தியது. "சரி. அனுப்பல" என்றாள் பொள்ளம்மா. வேறென்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "எங்கேயும் அனுப்பல. இங்கேயே இரு."

பிடி தளர்ந்தது. மூச்சும் நின்றிருந்தது. கணவரைக் கூப்பிடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முழங்கால் வரை சேற்றில் நின்று மகள் கிளைகளை வெட்டி இழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உத்தையா துப்பாக்கியை எடுத்துப்போய் முற்றத்தில் நின்று வானத்தை நோக்கி அடுத்தடுத்து இரண்டு முறை சுட்டார். சாவுச் செய்தி மலைச்சரிவு முழுக்க எதிரொலித்தது. கொஞ்ச நேரத்தில் ஓலைக்குடையும் பிளாஸ்டிக் கோட்டுமாக அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். குசாலப்பாவைக் குளிப்பாட்டி, குப்பியா என்ற வெள்ளை அங்கியும் தலைப்பாகையும் அணிவித்து நடுக்கூடத்தில் கிடத்தினார்கள். நாளைக் காலையில் அடக்கம்.

"என்ன ஆளுடா இவன்!" என்றார் பக்கத்துத் தோட்டத்து மாதப்பா. "பட்டாளத்துக்கு அனுப்பினாத்தான் சோறுன்னு பட்டினி கிடந்து அப்பனைச் சம்மதிக்க வச்சவன். இதே பொண்ணோட வயசு அப்ப."

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் கதையை ஒவ்வொரு திருவிழாவிலும் யாராவது ஒருவர் சொல்வார். முதலில் சொல்லி வைத்தது மாமனார். அவர் சொல்லத் தொடங்கினாலே மாமியார் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவார். வேலை கிடக்கிறது போல என்றுதான் பொள்ளம்மா இதுவரை நினைத்திருந்தாள்.

தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த உத்தையா நிமிர்ந்தார். "இவளுக்காகக் கேக்கத்தான் வந்தான். கேட்டுக்கிட்டே போயிட்டான். இனிமே என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது." மனைவியைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

கூடம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. ஒரு வாக்கியம் போதும். ஜீப்பில் கேட்டதை அப்படியே சொன்னால், இந்தப் பேச்சு இந்த வீட்டில் இனி எழவே எழாது. மகள் தோட்டத்திலேயே இருப்பாள். வாய் வரை வந்தது. தலைப்பாகை கட்டிய அந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததை, அவரால் தடுக்க முடியாத நேரத்திலா ஊருக்கு முன்னால் அவிழ்ப்பது?

"தேச்சு, இங்க வா" என்று எழுந்தாள்.

மிளகு மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள். "உண்மையைச் சொல்லு. உன்னைப் போகச் சொன்னது யாரு? சித்தப்பாவா?"

"இல்ல அவ்வா. அவர் முதல்ல வேண்டாம்னுதான் சொன்னார். திட்டக்கூடச் செஞ்சார். நான்தான் விடாம நச்சரிச்சேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். சொல்லியிருந்தால் மறுத்திருப்பாள்.

"இருக்கு" என்றாள் தேச்சம்மா. "படுத்தா வயித்தைப் பிசையுது. இன்னைக்கு இன்னும் ஜாஸ்தி. இருந்தாலும் போகணும் அவ்வா."

"போயிட்டு வேண்டாம்னு தோணினா எங்கிட்ட சொல்லணும். ஊரு சிரிக்கும், அப்பா தலை குனிவார்னு வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாது. யாருக்கு என்ன ஆனாலும் சரி, நான் வந்து கூட்டிட்டு வருவேன். சொல்வியா?"

"நீ எதுக்கு இப்படிப் பேசற?"

"சொல்வியா?"

"சொல்றேன்."

"சரி. போயிட்டு வா."

தேச்சம்மா அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கடைசில சித்தப்பா ஏதாவது சொன்னாரா அவ்வா?" என்றாள்.

"அவங்க அவ்வாவைக் கூப்பிட்டார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கூடத்தில் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார்கள். பொள்ளம்மா குனிந்தபோதுதான் மகளின் கணுக்காலைப் பார்த்தாள். மரம் வெட்டிய இடத்தில் அட்டை கடித்திருக்கிறது. ரத்தம் பாதம் வரை வழிந்து தரையில் சொட்டியிருந்தது. "வலிக்கல அவ்வா. எனக்குத் தெரியவே இல்ல" என்றாள் தேச்சம்மா.

மகளை மூட்டைமேல் உட்காரவைத்து, பொள்ளம்மா தரையில் அமர்ந்து சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடியும் சிவப்பாக ஊறியது. அட்டைக்கடி அப்படித்தான், உடனே நிற்காது. கட்டை விரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் விரலை எடுக்கவில்லை.