மரலாரிக்கு முன்னால்

மிதியை அழுத்தினேன். வண்டி யோசித்தது. நெடுஞ்சாலையின் நட்டநடுவில், இடப்பக்க ஏற்றத்திலிருந்து மரலாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு இறங்க, எங்கள் பழைய ஸ்டேஷன் வேகன் போகலாமா வேண்டாமா என்று நின்று நிதானமாக யோசித்தது. ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தினால் இருமியது. பிறகு என்ன நினைத்ததோ, ஒரே தாவாகத் தாவி எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் ஃபின்னிஷ் மொழியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றிச் சொல்லித் தீர்த்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் என் கணவன் ரெய்னோ சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இது சரியாகுற வரைக்கும் நீ ரோட்டுல ஏறக் கூடாது, ஐலி. விளையாட்டில்ல." நியாயம்தான். ஆனால் என் கஷ்டம் எனக்கு. பிள்ளைகள் வளர்ந்து கிளம்பிப் போகும்வரை கட்டிலுக்கடியில் கிடந்த அக்கார்டியனை இப்போதுதான் வெளியே எடுத்திருந்தேன். சனிக்கிழமை நடன மண்டபத்தில் வாசிக்க இடம் கிடைத்து இரண்டே வாரம் போயிருந்தேன். மூன்றாவது வாரம் போக முடியவில்லை. பிடில் வாசிக்கும் வெய்க்கோதான் எங்கள் குழுவுக்குத் தலைவன். அவன் போன் பண்ணினான். "இந்த வாரமும் வரலேன்னா ஹான்காக் ஊர்ல ஒரு பையன் இருக்கான், அவனைப் போட்டுருவேன். கோவிச்சுக்காதே." எப்படிக் கோபித்துக்கொள்ளாமல் இருப்பதாம்?

ரெய்னோவோ தினமும் கார் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். ஸ்பார்க் பிளக் எல்லாம் மாற்றினான். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான். வண்டி அதே யோசனையில்தான் இருந்தது. எனக்குள் ஒரு சந்தேகம் முளைத்தது. அமெரிக்காவில் ஃபின்லாந்துக்காரர்கள் குடியேறிய எங்கள் ஊரில் சனிக்கிழமை மாலை என்றால் சானாதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வெந்நீராவியில் இரண்டு பேரும் சேர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறோம், அதற்குப் பிறகுதான் சாப்பாடு. நான் மண்டபத்துக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவன் தனியாக உட்கார்ந்து வேர்க்கிறான். பாவம்தான். ஆனால் அதற்காக வண்டியைச் சரிபண்ணாமல் இப்படியா இழுத்தடிப்பான்? சனிக்கிழமை மதியம் பொறுக்க முடியாமல் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

"யோவ், நான் வாசிக்கப் போறது உனக்குப் புடிக்கலேன்னா நேரா சொல்லித் தொலையேன். எதுக்கு வண்டி மேல பழியப் போடுற?"

அவன் நிமிர்ந்த வேகத்தில் மூடி தலையில் இடித்தது. "அடிப்பாவி! வாரக்கணக்கா இதுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுக் கெடக்கேன். சும்மாவா?"

முகத்தைப் பார்த்தால் பொய் மாதிரி தெரியவில்லை. கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்தேன். "மொத சனிக்கிழமை நல்லாத்தான போச்சு? அடுத்த சனிக்கிழமைதான் மக்கர் பண்ணுச்சு. நடுவுல நீ என்ன பண்ணுன?"

"நானா? ஒண்ணும் பண்ணலையே." காது இரண்டும் சிவந்துவிட்டன.

"ரெய்னோ."

"ஏர் ஃபில்டர் மாத்துனேன். கழுவிக் கழுவிப் போடுற ஜாதி. ஒசத்தி. வாராவாரம் தூரமாப் போறியே, உனக்கு ஒரு பரிசா இருக்கட்டுமேன்னு..."

மற்ற வீட்டில் பூ வாங்கித் தருவார்கள். எனக்கு ஃபில்டர். அதையும் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வைத்து மூடியிருக்கிறான். "போட்டதோட சரியா?"

"அதுல லேசா எண்ணெய் விடணும். டப்பால சில சொட்டுன்னுதான் போட்டிருந்தான்."

"நீ எவ்வளவு விட்ட?"

அவன் ஸ்பேனரைப் பார்த்தான். "உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதேன்னு... டப்பா முழுக்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த மடையனை அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு பிடித்தது. காற்றுக்குழாயைக் கழற்றினோம். உள்ளே போகும் காற்றை அளக்கும் மெல்லிய கம்பி அங்கேதான் இருக்கிறது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்ட மாதிரி அது பளபளவென்று இருந்தது. அந்த வழுவழுப்பில் அது அளவைக் குறைத்துச் சொல்ல, எஞ்சின் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கென்று உள்ள ஸ்ப்ரேயை அடித்துச் சுத்தம் பண்ணிக் காயவிட்டோம். எதையும் தூக்கிப் போடாத மனிதன் என்பதால் பழைய காகித ஃபில்டரும் அலமாரியிலேயே இருந்தது. அதையே மாட்டினோம்.

"கை கழுவிட்டு வரேன்" என்றான்.

"நேரமாச்சு, ஏறு." அக்கார்டியனைப் பின்சீட்டில் போட்டுவிட்டு நானே ஓட்டினேன்.

நெடுஞ்சாலை முனையில் நிறுத்தினேன். ஏற்றத்தின் உச்சியில் ஒரு மரலாரி தெரிந்தது. நிறைய தூரம் இருந்தது. இருந்தாலும் ரெய்னோ இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அது போகட்டுமே" என்றான். நான் மிதியை அழுத்தினேன். வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. அவன் தொப்பி கழன்று பின்னால் விழுந்தது. "ஐலி!" என்று கத்தினான். சந்தோஷமா பயமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அன்றைய சானாவை மறந்துவிட்டு இரண்டு பேரும் நேரே மண்டபத்துக்குப் போனோம்.

மண்டபத்தில் வெய்க்கோ என்னைப் பார்த்ததும் பிடில் வில்லை உயர்த்திக் காட்டினான். அக்கார்டியனை மாட்டிக்கொண்டு அவர்களோடு சேர்ந்துகொண்டேன். மூன்றாவது பாட்டில் தலையைத் தூக்கினால், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட ஆடாத என் புருஷன் ஆடிக்கொண்டிருக்கிறான்! எங்கள் சர்ச்சில் யாரும் எதிர்த்துப் பேசத் துணியாத ஹில்மா அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள். அவன் கால் தப்புத் தப்பாக விழுந்தது. முகம் மட்டும் என் பக்கமே இருந்தது, வாயெல்லாம் பல்.

அவர்கள் திரும்பினார்கள். ஹில்மாவின் வெள்ளைச் சட்டை முதுகில், ஐந்து விரலும் அச்சாகப் பதிந்த ஒரு கறுப்புக் கை.

முடிக்கலாமா என்று வெய்க்கோ புருவத்தைத் தூக்கினான். கூடவே கூடாது என்று தலையாட்டிவிட்டு, பாட்டை மறுபடி முதலிலிருந்து பிடித்தேன். அந்தக் கை கூட்டத்துக்குள் மறைந்து, அடுத்த சுற்றில் மறுபடி வெளியே வந்தது.