ஒன்றிலிருந்து ஏறுகிறவர்

பக்கவாதம் வந்து ஏழு மாதமாகியும் ருஸ்தினுக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது: "ஆச்சு." பசிக்கிறதா என்றால் ஆச்சு. முதுகு அரிக்கிறதா என்றால் ஆச்சு. இந்தோனேசியாவில், உனாஹா ஊருக்கும் கெண்டாரி நகரத்துக்கும் நடுவே இருபத்தாறு வருஷம் வேன் ஓட்டி, போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கிழுத்த மனிதர்.

அவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, சாகோ மரத்து மாவில் கூழ் கிண்டிக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டி முடிப்பதற்குள் மனைவி நுர்ஹைதாவுக்குப் பகல் போய்விடும். பிள்ளைகள் மூவரும் வெளியூரில். செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போவாள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் ரெத்னோ, ஜாவாவிலிருந்து வந்த பெண்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுங்க ஐயா" என்பாள் ரெத்னோ, இந்தோனேசிய மொழியில். ருஸ்தின் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று மாதம் இப்படியே போனது.

ஒருநாள் ரெத்னோ கேட்டாள். "அம்மா, சின்ன வயசுல இவரு எந்த பாஷையில எண்ணுவாரு?"

"தொலாக்கிதான். பள்ளிக்கூடம் போனப்புறம்தானே மத்ததெல்லாம்."

"அப்ப நீங்களே ஆரம்பிச்சு வைங்களேன்."

நுர்ஹைதாவுக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய நல்ல கையை மடிமேல் இழுத்துக் கட்டைவிரலைப் பிடித்தாள். "அசோ" என்றாள்.

"ஒருஓ" என்றார் ருஸ்தின்.

அவள் கை நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. "ஒதோலு, ஒஓம்பா, ஒலிமோ..." பள்ளம் கண்ட தண்ணீர்போல ஓடி, "ஹொபுலோ"வில், பத்தில், வந்து நின்றார். வியர்த்திருந்தது.

பத்தைத் தாண்டத்தான் முடியவில்லை. தனியாக எண்ணும்போது இரண்டு என்பது 'ஒருஓ'. இருபதுக்குப் போனால் முன்னாலிருக்கும் 'ஒ'வை உதறிவிட்டு 'ருஓ ம்புலோ' என்று பத்தோடு ஒட்ட வேண்டும். அந்த உதறலும் ஒட்டலும் அவருக்குப் பிடிபடவில்லை. மறுபடி அசோவுக்கே திரும்பிவிடுவார்.

நடுவிலிருந்து எந்த எண்ணையும் எடுக்கவும் வரவில்லை. ஐந்து என்று சொல்ல ஒன்றிலிருந்து ஏற வேண்டும், சொல்ல வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். எத்தனை மாத்திரை போட்டீங்க என்று கேட்டுவிட்டு, அவர் ஏறி முடிக்கும்வரை நுர்ஹைதா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். "சீக்கிரம் சொல்லுங்க, அடுப்புல வச்சிருக்கேன்" என்று சில நாள் கத்தியும் இருக்கிறாள். ஆனாலும் அவர் நிற்கிற இடம் சரியாகவே இருந்தது. ஒருமுறைகூடத் தப்பவில்லை.

போன செவ்வாய் ரெத்னோ புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். "ஐயா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"அசோ. ஒருஓ. ஒதோலு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒஓம்பா."

"மூணுதாங்க" என்றாள் நுர்ஹைதா. "இன்னைக்குக் களைச்சுப் போயிட்டாரு."

"இன்னொரு தடவை சொல்லட்டுமே."

மறுபடியும் நான்கில் நின்றார். நுர்ஹைதாவுக்கு எரிச்சல் வந்தது. அவர் எண்ணி நீட்டியிருந்த நாலாவது விரலை மடக்கிவிட்டாள். அவர் கையைப் பிடுங்கிக்கொண்டு அதே விரலை நீட்டினார். "ஆச்சு!" என்றார். "ஆச்சு, ஆச்சு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூத்த மகள் எல்வினாவுக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை. ஐந்து நாள் இருந்தது. மாமியார் வீட்டுக்குப் பின்னால் அடக்கம் செய்தார்கள். மறுநாள் விடியற்காலையே ருஸ்தின் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுத்ததில்லை. கல் மனசுக்காரர் என்று அவளும் உள்ளுக்குள் முடிவு கட்டி, அந்தக் கசப்போடே மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள்.

"நாலுன்னே எழுதிக்கம்மா" என்றாள். ரெத்னோ அப்படியே எழுதினாள்.

வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிலில் சாய்த்தபோது அவளுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வாய் நல்லா இருந்தப்ப?" என்றாள். வியர்வையில் நனைந்த அவர் சட்டையைக் கழற்றி வேறு மாட்டிவிட்டாள்.

சாயங்காலம் மக்காசாரிலிருந்து எல்வினா கூப்பிட்டாள். "அப்பா என்ன சொல்றாரும்மா இன்னைக்கு?"

"உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்டி."

"நான்தான் மூத்தவள்னு நெனச்சிருந்தேன்... பேர் என்னம்மா?"

"பேர் வைக்க ஏழாம் நாள் வரணும்ல. அதுவரைக்கும் அவன் இருக்கல" என்றாள் நுர்ஹைதா. "லீவு கெடைச்சா ஒரு வாரம் வந்துட்டுப் போ. எனக்கு முடியல."