ஓல்காவுக்கு எலி ஊட்ட வந்தவள்

ஐந்து மாதமாக ஓல்கா எதையும் தின்னவில்லை. ஓல்கா ஒரு மலைப்பாம்பு, வீட்டில் வளர்க்கிற சின்ன ஜாதி. டோர்பன் தன் முதல் மனைவி ரிக்கேயைக் கட்டிய வருஷம் இருவரும் சேர்ந்து வாங்கியது. கல்யாணம் பதினாறு வருஷத்தில் முறிந்துபோனது, பாம்பு மட்டும் கல்லுப் போல இருந்தது. அதற்கு மூன்று வருஷம் கழித்து, ஆகஸ்டில் அவன் கெர்டாவை மணந்து ஓடென்ஸே நகரத்தில் அவள் வீட்டுக்குக் குடிவந்தபோது மூன்று பெட்டியும் ஒரு சைக்கிளும் இந்தப் பாம்பும் கொண்டுவந்தான்.

கெர்டா ஒன்றும் முகம் சுளிக்கவில்லை. உறைபெட்டியில் பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில் செத்த எலிகள் படுத்திருப்பதைப் பொறுத்துக்கொண்டாள். கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசில் டோர்பன் வாராவாரம் பாம்பை நிறுத்துப் பார்ப்பதையும் பொறுத்துக்கொண்டாள். எடை இறங்கிக்கொண்டே போனது. ஜனவரியில் ஒருநாள் அவன் தயங்கித் தயங்கி, ரிக்கேயைக் கூப்பிடலாமா, அவள் கொடுத்தால் தின்னும் என்றான். தாராளமாகக் கூப்பிடு என்றாள் கெர்டா. வாய்தான் சொன்னது, வயிறு அப்போதே எரியத் தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை ரிக்கே வந்தாள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள், ஐம்பது வயதிலும் கொடி போல் இருந்தாள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கெர்டாவை நலம் விசாரித்துவிட்டு, சொந்த வீடு போல நேரே கண்ணாடிப் பெட்டியிடம் போனாள். எலியை முந்தின ராத்திரியே குளிர்பெட்டியில் இளக வைத்தாயா என்று டோர்பனிடம் கேட்டாள். வைத்திருந்தான். அதைப் பையோடு வெந்நீரில் போட்டுச் சூடேற்றினார்கள். பிறகு ரிக்கே ஒரு ஹேர் டிரையர் வேண்டும் என்றாள். அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, கெர்டாவுடையது. அதை வைத்து எலியின் தலையை உயிருள்ளது போலச் சூடாக்கினாள். பார்த்துக்கொண்டு நின்ற கெர்டாவுக்குத் தன் தலையே கூசியது.

எலி கூடப் பரவாயில்லை. ரிக்கே பெட்டிக்குள் குனிந்தபடி கையைப் பின்னால் நீட்டினாள், டோர்பன் நீண்ட இடுக்கியை அதில் வைத்தான். அவள் கேட்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. உப்பு எங்கே என்று அவன் இன்னும் கெர்டாவிடம் தினமும் கேட்கிறவன். பாம்பின் கால் பாம்பறியும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள் அவள்.

ஓல்கா நாக்கை நீட்டிப் பார்த்தது, கழுத்தைப் பின்னுக்கு வளைத்தது, ஒரே பாய்ச்சலில் எலியைக் கவ்விச் சுற்றிக்கொண்டது. டோர்பனும் ரிக்கேயும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சத்தமில்லாத சிரிப்புதான். பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்த பெற்றோர் சிரிப்பார்களே, அப்படி. கிளம்பும்போது ரிக்கே, "ரெண்டு நாளைக்கு யாரும் அதைத் தொடக்கூடாது. தொட்டா தின்னதைக் கக்கிடும்" என்றாள். டோர்பனிடம்தான் சொன்னாள். வீட்டுக்காரி ஒருத்தி பக்கத்தில் நிற்பது அவளுக்குத் தெரியவே இல்லை போலும்.

இனி இவள் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. கெர்டாவுக்கு அன்று ராத்திரி முழுக்க அது ஒன்றுதான் நினைப்பு. பாம்பு தன்னிடம் பழகிவிட்டால் அப்புறம் சக்களத்திக்கு இங்கே என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை டோர்பன் ஆறு மணிக்கே பஸ் ஓட்டப் போய்விட்டான். கெர்டா எலி வாசனை, சாப்பாட்டு வாசனை எதுவும் இல்லாமல் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் படித்திருந்தாள். பாம்பைத் தூக்கும் கொக்கியால் முதுகில் மெல்லத் தொட்டாள், இது சாப்பாடு இல்லை என்று பாம்புக்குப் புரிவதற்காக. நடு உடம்பில் இரு கையும் கொடுத்துத் தூக்கினாள். அது அவள் முழங்கையைச் சுற்றிக்கொண்டு சும்மா இருந்தது. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அரை மணி நேரம் கையில் வைத்திருந்தாள், நீ என் வீட்டுப் பாம்பு என்று அதனிடம் சொன்னாள். தொடக்கூடாது என்றது ரிக்கே. ரிக்கே சொன்னால் வேதவாக்கா?

மத்தியானம் நாற்றம் வந்தது. பெட்டிக்குள் பாதி கரைந்த எலி கிடந்தது.

டோர்பன் நான்கு மணிக்கு வந்து எலியைப் பார்த்தான். போனை எடுத்தான். அரை மணியில் ரிக்கே வந்து நின்றாள். இனி பதினைந்து நாள் பட்டினி போட வேண்டும், பிறகு சின்ன எலியாகக் கொடுத்துப் பழக்க வேண்டும், குளிர்காலம் முடியும்வரை நானே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்றாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது கெர்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யார் தூக்கினது?" என்றாள் ரிக்கே.

"நான்தான்" என்றான் டோர்பன். "காலையில, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி."

கெர்டாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தெரிந்தும் தனக்காகப் பொய் சொல்கிறான். அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. ரிக்கே அவனைப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷமாச் சொல்றேன், உன் மண்டையில ஏறவே ஏறாதா, அன்னைக்கு அந்த வாடகை வீட்டுலயும் இதையேதான் செஞ்சே என்று வெளுத்து வாங்கினாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கோபமோ வெட்கமோ இல்லை. பழகிய செருப்பில் கால் நுழைத்தவன் போல நிம்மதியாக நின்றான். அது எந்த வாடகை வீடு என்றுகூடக் கெர்டாவுக்குத் தெரியாது.

"அவர் இல்லை, நான்தான் தூக்கினேன்" என்றாள் கெர்டா. "திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

ரிக்கே அவளைப் பார்த்தாள். டோர்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீ பேசாம இரு" என்றாள் ரிக்கே அவனிடம். அப்புறம் கெர்டா பக்கம் திரும்பி, "அறிவிருக்கா உனக்கு? ஐஞ்சு மாசம் பட்டினி கெடந்த உசிரு அது" என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் விட்டு விளாசினாள். கெர்டாவுக்குக் கன்னம் எரிந்தது, அழுகையும் வந்தது. ஆனாலும், ஓரத்தில் நின்ற டோர்பனுக்கு அதில் ஒரு வசவுகூடக் கிடைக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேதான் அழுதாள்.