இடது காலுக்கு ஒரு தள்ளு

"அப்போ பேட்டரிதான் கனம். அதைச் சின்னதாக்கு."

"சின்னதாக்கினா பாதி மேட்டுலயே மூச்சு வாங்கும், அண்ணி."

"மத்தவங்க வண்டியெல்லாம் அந்தப் பேட்டரியிலதானே மலை ஏறுது? நம்மது மட்டும் ஏன் இந்தக் குடி குடிக்குது?"

சின்னவள் ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். பட்டறையின் பின்னறையில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். நடுவே, கூரையிலிருந்து தொங்கிய தராசுக் கொக்கியில் அவர்கள் செய்த மின்சார மலைச் சைக்கிள் மாட்டியிருந்தது. காற்றே இல்லாத அறையில் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மோட்டாருக்குப் புத்தி சொல்வது சின்னவளின் வேலை. விலை போடுவது அண்ணியின் வேலை. அண்ணி இந்த அறைக்குள் கால் வைத்து மாதக்கணக்காகிறது. அண்ணன் போனதிலிருந்து நடுக்கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தலையை மட்டும் நீட்டிக் கேட்பாள். இன்றைக்கு அவளை உள்ளே வரவழைத்தது மதியம் வரப்போகும் கடைக்காரர். அவர் ஓட்டிப் பார்த்து, பிடித்துப்போய் மொத்தமாகக் கேட்டால் பட்டறை பிழைக்கும். இல்லாவிட்டால் வாசல் கதவையும் சேர்த்துச் சாத்த வேண்டியதுதான். வண்டி லேசாக இருக்க வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது, மலையுச்சித் தண்ணீர்த் தொட்டிவரை பேட்டரி தாங்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லியிருந்தார்.

வாய்க்கு என்ன, சொல்லிவிடும். எடை, விசை, பேட்டரி, விலை என்று நாலு கால் கட்டில் இது. ஒரு காலை அறுத்தால் படுத்திருப்பவன் உருண்டு விழுவான். பேட்டரியைப் பெரிதாக்கினால் கனம் ஏறும். கனத்தைக் குறைக்க உயர்ந்த உலோகத்தில் சட்டம் போட்டால் விலை ஏறும். விலைக்குப் பயந்து மோட்டாரைச் சின்னதாக்கினால், மேட்டில் வண்டி மனிதனைத் தூக்காது, மனிதன்தான் வண்டியைத் தூக்க வேண்டும்.

"என்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்குக்கூட உங்கண்ணன் இவ்வளவு கனம் தூக்கல" என்றாள் அண்ணி, தராசு முள்ளைப் பார்த்தபடி.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுபோனது. வண்டி ஏன் இப்படிக் குடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல இத்தனை நாளும் அதை மறைத்து வந்திருந்தாள்.

அண்ணன்தான் பட்டறை வண்டிகளை ஓட்டிப் பார்ப்பவன். எப்போதோ ஒடிந்து சேர்ந்த இடது முட்டி அவனுக்கு. ஒரு பக்கம் சாய்ந்தே மிதிப்பான். அதனால் எல்லோருக்கும் அவன் நண்டு. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கேற்பத் துணைக்கு வருவதுதான் இந்த மோட்டாரின் குணம். நண்டின் இடது கால் அழுத்தவே மாட்டேன் என்றதால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் இரட்டிப்பாகத் தள்ளும்படி அவள் சொல்லிக்கொடுத்தாள். ஓட்டிப் பார்க்க வேறு ஆள் இல்லாத பட்டறை. அடுத்தடுத்துச் செய்த வண்டிகளுக்கெல்லாம் அதே பாடம் போய்ச் சேர்ந்தது. இந்த மலையில் பிறந்தவர்கள் அனைவருக்கும் இடது முட்டி ஒடிந்திருப்பதுபோல.

மலையில் எத்தனையோ முறை உருண்டு எழுந்து வந்தவன், ஒரு நாள் வீட்டில், படுத்த படுக்கையில், தூக்கத்திலேயே போய்விட்டான். அதன் பிறகு அவள் அந்தப் பாடத்தை அழித்திருக்கலாம். பேட்டரி பாதியாகக் குறையும், கனம் குறையும், விலையும் இறங்கும். அழிக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் சட்டம் ஒட்டித் தரும் வெல்டர் போன மாதம் ஓட்டிவிட்டு வந்து, இறங்கியதும் திரும்பிப் பார்த்தார். மேட்டில் பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளினார்களே, யாரது என்று கேட்டார். அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் இன்னும் பெரிய பேட்டரியை மாட்டினாள்.

"வண்டியை இறக்கு. மிதியைச் சுத்திக் காட்டு" என்றாள் அண்ணி.

இறக்கி, பின்சக்கரம் தரையில் படாமல் தாங்கியில் நிறுத்தி, மிதியைக் கையால் அழுத்தினாள் சின்னவள். வலதுக்கு மோட்டார் சின்னதாக முனகியது. இடதுக்கு நீளமாக, கனத்த குரலில். முனகல், பிறகு நீண்ட முனகல். மேட்டில் நண்டு வருவதை இந்தச் சத்தத்தை வைத்துத்தான் சொல்வார்கள்.

சின்னவள் கையை எடுத்துவிட்டாள். சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அது வந்து…"

"நடுக்கதவை எதுக்குச் சாத்தி வெச்சிருக்கேன்னு நெனச்சே?" அண்ணியின் குரல் உயரவில்லை. "தெனமும் மத்தியானம் நீ ஓட்டிப் பார்ப்பே. அங்க உக்காந்து விலை போட்டுக்கிட்டிருப்பேன். ஆள் தெரியாம சத்தம் மட்டும் கேட்டா, அவர் மேடேறி வீட்டுக்கு வர்ற மாதிரியே இருக்கும். எழுந்து தண்ணி மொண்டு வெச்சிடுவேன். அப்புறம்தான் ஞாபகம் வரும்."

தனக்கு மட்டும் கேட்கும் சத்தம் என்று சின்னவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் வருவதற்குள் அழித்துவிடச் சொன்னாள் அண்ணி. சின்னவள் மடிக்கணினியைத் திறந்து, ஒயரை வண்டியில் செருகினாள். விரல் நகரவில்லை. அழிக்கும் முன் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று அண்ணியே ஒயரைப் பிடுங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைப் பின்வாசல் வழியாகத் தள்ளிப் போனாள். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவள் சைக்கிள் மிதித்ததே இல்லை.

வெளியே மூடுபனி. மலைப்பாதையின் முதல் வளைவைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அண்ணி தடுமாறி ஏறி, இரண்டு தரம் கால் ஊன்றி, பிறகு போய்விட்டாள். உருவம் மறைந்ததும் சத்தம் மட்டும் மிஞ்சியது. சின்ன முனகல், நீண்ட முனகல். போகப்போக அது தேய்ந்தது. கொஞ்ச நேரத்தில், வருவது யார் போவது யார் என்று சின்னவளால் பிரிக்க முடியவில்லை. பனிக்குள் யாரோ பேசுவதுபோல இருந்தது. அண்ணி தனக்குத்தானே பேசுகிறவள் இல்லை.

வளைவில் வண்டி திரும்பித் தெரிந்து, பின்வாசலில் வந்து நின்றது. அண்ணியின் முகம் நனைந்திருந்தது. பனியாகவும் இருக்கலாம். கைப்பிடியிலிருந்த சின்னத் திரையில் பேட்டரியின் கடைசிக் கோடு சிவப்பாகச் சிமிட்டியது. காலையிலிருந்து ஓட்டியது, தொட்டிவரை தாங்காது.

"தொட்டிகிட்ட நின்னா நம்ம வீட்டுக் கூரை தெரியும், வா வான்னு உங்கண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு" என்றாள் அண்ணி. "வேலை முடியட்டும், வேலை முடியட்டும்னே சொல்லிட்டிருந்தேன்."

முன்வாசலில் கடைக்காரரின் ஜீப் வந்து நின்றது. ஹாரன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. அண்ணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு கால் தரையிலும், இடது கால் மிதியிலுமாக நின்றாள். அந்தக் கால் இன்னும் அழுத்தவேயில்லை. மோட்டார் அதற்குள் மெல்ல முனகத் தொடங்கியிருந்தது.

"வந்தவரைக் கொஞ்சம் பேச்சுக் குடுத்து உக்கார வை, சின்னவளே. தொட்டி வரைக்கும் போயிட்டு வந்துடறோம்."